ஆங்கிலம் பழகுவோம்: வினாவின் இடம்



திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தே உள்ளது அடி அண்ணாமலை. ரமணாசிரமத்தை நாடி வரும் வெளிநாட்டினர் பலர் அவ்வழியே நடப்பர். அவர்களுள் ஒருவரிடம், “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் வினவுவது எவ்வாறு?

“யூ ஆர் கமிங் ஃப்ரம் வேர்?” என்றே நம் வாய் முந்தும். காரணம் நம் தாய்மொழிப் பழக்கமே. தமிழில் ‘வருகிறாய்’ என்பதன் இறுதியில் ஆகாரம் சேர்ந்தால் ‘வருகிறாயா?’ என்று வினாவாகிவிடும். ஆங்கிலத்திலோ துணைவினை எழுவாய்க்கு முன்னே செல்ல வேண்டும். ‘யூ ஆர் கமிங்’ என்பது செய்தி. ‘ஆர் யூ கமிங்?’ என்பது வினா. ‘வேர்’ போன்ற வினாச்சொல் இருப்பின், அது துணைவினைக்கும் முன்னே நிற்கும்.

இனி, காலத்தைக் கவனியுங்கள். “வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?” என்றால், இப்போது எங்கிருந்து வருகிறீர் என்பது பொருள், “ஆசிரமத்திலிருந்து” என்று விடை வரலாம். “வேர் டு யூ கம் ஃப்ரம்?” என்றால், சொந்த ஊர் யாது என்பது பொருள், “ஜெர்மனி” என்று விடை வரலாம். தமிழில் ஒரே தொடர். ஆங்கிலத்தில் இரு வேறு வினாக்கள்.

‘ஷி லிவ்ஸ் ஹியர்’ என்பதில் துணைவினை இல்லை. ஆகவே ‘டஸ்’ வந்து, ‘லிவ்ஸ்’ என்பதன் இறுதி ஸகரத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும்: ‘டஸ் ஷி லிவ் ஹியர்?’ ‘டஸ் ஷி லிவ்ஸ்’ என்பது பிழை.

‘சாப்பிட்டாயா?’ என்பது தமிழில் இறந்தகாலம். பசியாறியாயிற்றா என்று இப்போதைய நிலையை அறிய வினவுங்கால், ஆங்கிலத்தில் அது நிகழ்கால முற்று: ‘ஹாவ் யூ ஈட்டன்?’ ‘எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறாய்?’ என்பதோ ‘ஹவ் லாங் ஹாவ் யூ பீன் வெயிட்டிங்?’ என்றாகும்.

அம்மலையில் 1902-ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை ரமணரிடம் கேட்ட வினாக்களிலிருந்து தோன்றிய சிறுநூல் ‘நான் யார்?’ இத்தொடரில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹூ ஆம் ஐ?’ என்று வினை நடுவே வந்தே தீரும்.

பெற்றோரே, வினாத்தொடர் அமைக்க அஞ்சும் பிள்ளை வகுப்பில் வாய் திறவான். அவன் ஐயம் அவனுள்ளேயே தங்கிவிடும். இரவு உணவின்போது நாள்தோறும் இரண்டு வினாக்களை ஆங்கிலத்தில் கேட்கச் செய்யுங்கள். பிழைபட்டால் நகையாமல் திருத்துங்கள். கேட்கத் துணிந்த பிள்ளையே கற்கும்.