‘நாம்’ என்று பேசும் ஒட்டுண்ணி

‘ஸ்ரார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் தீவிர இரசிகரான நண்பர் ஒருவருடன் அண்மையில் தர்க்கப்பட நேர்ந்தது. அத்தொடரில் வரும் போர்க் என்னும் இனத்தை வில்லன் என்று அழைப்பதே பிழை என்பது அவரது கட்சி. அதற்கு எவர்மீதும் வன்மம் இல்லையாம். பழிவாங்கும் எண்ணமோ பேராசையோ இல்லையாம். பூரணத்துவத்தை நாடுவது மட்டுமே அதன் இயல்பாம். “சூறாவளியைக் கொடியவன் என்று எவராவது ஏசுவதுண்டா?” என்று கேட்டார்.

இதே வாதத்தைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு ஆழமான சிந்தனை போலத் தோன்றும் இது, உண்மையில் சிந்திக்க மறுப்பதற்கு ஒரு சாக்கு.

அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். போர்க் முதன்முதலில் திரையில் தோன்றியது 1989இல். பூச்சி இனமாகவே முதலில் கற்பனை செய்யப்பட்டது. செலவு கட்டுப்படியாகாது என்று பாதி மனிதனும் பாதி இயந்திரமுமாக மாற்றப்பட்டது. உடல்கள் எண்ணற்றவை, மனம் ஒன்று. வழியில் சந்திக்கும் இனங்களைப் பிடித்து, அவர்களது உடலையும் அறிவையும் தன்னுள் இணைத்துக்கொண்டு, எதிர்ப்பதில் பயனில்லை என்று அறிவித்தபடி நகரும்.

இதனைப் பூரணத்துவத் தேடல் என்கிறார்கள். அந்தத் தேடலில் போர்க் தானாகக் கண்டுபிடித்தது என்ன? 1997இல் ‘வொயேஜர்’ தொடரில் இதற்கு விடை வந்தது. தன்னால் உள்வாங்க முடியாத ஓர் இனத்திடம் போர்க் தோற்று ஓடுகிறது. உள்வாங்க முடியாததை அதனால் அறியமுடியாது. அறியாததற்கு மாற்றுக் காணவும் முடியாது. கடைசியில் ஆயுதத்துக்கான வழியைக் கண்டவர்கள் ஒற்றைக் கப்பலில் வந்த மனிதர்களும் அவர்களது சகாக்களுமே. அடுத்தவன் சமைத்ததை உண்டு வளர்வதற்குத் தமிழில் ஒட்டுண்ணி என்று நல்ல பெயர் இருக்கிறது. பூரணத்துவம் என்பது அந்த ஒட்டுண்ணி தன் வயிற்றுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

அடுத்து அதன் பேச்சு. 1990இல் கப்பல் தலைவர் பிக்கார்டைக் கடத்தி, லொக்கியூட்டஸ் என்று பெயரிட்டுத் தன் வாயாக்கிக்கொள்கிறது. மனிதர்கள் தலைமைக்குக் கட்டுப்படுபவர்கள், ஆகவே தெரிந்த முகமொன்றின் வழியாகப் பேசினால் எளிதில் பணிவார்கள் என்பது அதன் கணிப்பு. சூறாவளி பேச்சாளரை நியமிப்பதில்லை, நண்பரே!

போர்க் எப்போதும் ‘நாம்’ என்றே பேசும். பத்திரிகைத் தலையங்கம் எழுதி வயிறு வளர்த்தவன் என்ற முறையில் எனக்கு இந்த ‘நாம்’ நன்கு பழக்கமானது. கையொப்பம் இல்லாத பத்தியில் ‘நாம் வலியுறுத்துகிறோம்’ என்று எழுதிவிட்டு, அதனால் விளைந்ததற்கு நான் பொறுப்பல்ல என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லின் சுகம் அறிந்தவன் அதனை அப்பாவித்தனம் என்று ஒப்புக்கொள்ளமாட்டான்.

பிக்கார்டின் அறிவைக்கொண்டு அவரது சொந்தப் படையின் 39 கப்பல்களை அழித்தது போர்க். மீட்கப்பட்டபின் அவர் பிரான்சிலுள்ள குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். தமையனோடு சேற்றில் கட்டிப்புரண்டு சண்டையிட்டு, சிரித்து, பிறகு விம்மி அழுகிறார். தடுத்திருக்க வேண்டும், தடுக்கப் போதிய பலம் தன்னிடம் இருக்கவில்லை என்பதே அவர் வேதனை. செய்த ‘நாம்’ வெட்கப்படவில்லை, செய்விக்கப்பட்ட ‘நான்’ வெட்கப்படுகிறது. அந்தத் தொடரில் என்னை உலுக்கிய காட்சி இதுதான். வெடிச்சத்தம் எதுவும் அதில் இல்லை.

இவ்வளவையும் கட்டியெழுப்பிவிட்டு 1996இல் திரைப்படக்காரர்கள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது? போர்க்குக்கு ஓர் அரசியைக் கொண்டுவந்தார்கள். அலிஸ் கிறிகே அருமையாக நடித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அரசிக்குத் துணை வேண்டும், காதல் மொழி வேண்டும், கோபமும் வருகிறது. பழைய கதையிலும் அவள் இருந்தாள் என்று பின்கதவால் நுழைத்தார்கள். படமுடிவில் அவளைக் கொன்றதும் கப்பலிலிருந்த போர்க்குகள் எல்லாம் விழுந்துவிடுகின்றன. பழியை ஒரு தலையில் ஏற்றி அந்தத் தலையை வெட்டினால் எல்லாம் சுகம் என்ற பழைய அரண்மனைக் கதைதான் இது.

தேனீக்களுக்கும் இதில் அவமதிப்பு. தேன்கூட்டில் இராணி முட்டையிடுவாளேயன்றி ஆணையிடுவதில்லை. கூட்டம் புதிய இடம் தேடும்போது சாரணத் தேனீக்கள் தனித்தனியே போய்ப் பார்த்துவந்து, ஆடிக்காட்டி, போட்டியிட்டு, ஒன்றையொன்று தலையால் முட்டி மறித்து முடிவுக்கு வருவதை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தோமஸ் சீலி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் நாடாளுமன்றங்கள் பலவற்றைவிட ஒழுங்கான விவாதம்.

இனி நண்பரின் சூறாவளிக்கு வருவோம். அந்த உவமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1951லேயே ரொபேர்ட் ஹைன்லைன் காட்டிவிட்டார். சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனிலிருந்து வரும் நத்தை போன்ற பிராணிகள் மனிதர் முதுகில் ஒட்டிக்கொண்டு அவர்களை ஆட்டுவிக்கும் கதை ‘த பப்பெற் மாஸ்ரர்ஸ்’. பிடிபட்டவன் உள்ளிருந்து சொல்லும் பகுதி மிகச் சிறப்பு. ஆனால் கதை முடிவில் மனிதர்கள் டைட்டனுக்கே போய் அவ்வினத்தைப் பூண்டோடு அழிக்கப் புறப்படுகிறார்கள், அதுவும் உற்சாகத்துடன். நாவல் எங்கும் ரஷ்யாவைச் சாடும் குத்தல்களும் உண்டு. எதிரிக்குள் தனிமனிதன் எவனும் இல்லை என்று தீர்த்துவிட்டால், எத்தனை பேரைக் கொல்கிறோம் என்ற கணக்கும் தேவையில்லாமற் போகிறது.

‘ஸ்ரார் ட்ரெக்’ இந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது, அதுவே அதன் பெருமை. 1992இல் வந்த கதையொன்றில் காயமுற்ற இளம் போர்க் ஒருவன் பிடிபடுகிறான். அவன் மூலம் கூட்டு மனத்துக்குள் ஒரு நாசப் புதிரைச் செலுத்தி முழு இனத்தையும் அழித்துவிடலாம். பிக்கார்ட் அதற்கு ஆயத்தமாகிறார். அவரை விடக் காரணம் உள்ளவர் யார்? இதற்கிடையே கப்பலில் ஒருவர் அவனுக்கு ஹியூ என்று பெயர் வைத்துவிடுகிறார். பிக்கார்ட் பழைய லொக்கியூட்டஸாக நடித்து, இவர்களைப் பிடிக்க உதவு என்று கட்டளையிடுகிறார். அவன் மறுக்கிறான். மறுக்கும்போது ‘நான்’ என்கிறான். திட்டம் கைவிடப்படுகிறது.

அடுத்த ஆண்டுக் கதையில் மேலதிகாரியான அட்மிரல் ஒருவர் இதற்காகப் பிக்கார்டைக் கண்டிக்கிறார். மறுமுறை வாய்ப்புக் கிடைத்தால் தயங்காமல் அழித்துவிட வேண்டும் என்பது அவரது உத்தரவு.

அந்த அட்மிரல் சொன்னது சரியா என்று நண்பரிடம் கேட்டேன். “முழுக்கச் சரி” என்றார், ஒரு நொடியும் யோசிக்காமல். வன்மமே இல்லாத ஒன்றை அப்படி அழிக்கலாமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.