பிரம்பு போனால் போதுமா?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கற்கும் முதற்பாடம் எந்தப் புத்தகத்திலும் அச்சிடப்பட்டதன்று. வகுப்பிற்குள் நுழையும் உபாத்தியாயரின் நடத்தையே அந்தப் பாடம். அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், யாரைப் பாராமலே கடந்து செல்கிறார், தவறான விடை சொன்ன பிள்ளையை என்ன செய்கிறார், சந்தேகம் கேட்டவனுக்கு எவ்விதம் பதில் கூறுகிறார் என்பவற்றையெல்லாம் ஆறு வயதுக் குழந்தையும் வெகு நுட்பமாகக் கவனித்துக்கொள்ளுகிறது. எழுத்தும் எண்ணும் அதற்குப் பிறகே வருகின்றன. கல்வியைப் பற்றி நம் நாட்டில் விவாதங்களுக்குக் குறைவில்லை. பாடத்திட்டம், பரீட்சை, கட்டடம், பணம் ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் உபாத்தியாயர் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ளுகிறார் என்ற விஷயம், ஏதேனும் விபரீதம் நேர்ந்து பத்திரிகைகளில் செய்தி வரும்போதுதான் நம் கவனத்திற்கு வருகிறது.

பிரம்பைப் பொறுத்தவரையில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2000-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், பிள்ளைகளை அடிக்க இடமளித்த பள்ளிக்கூட விதிகள் செல்லா என்று டில்லி ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2003-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தம்முடைய கல்வி விதிகளைத் திருத்திச் சரீர தண்டனையை விலக்கினர். இருந்தும், 2007-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி அறிக்கை தேசத்தைத் தலைகுனியச் செய்தது. 13 மாகாணங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்ததில், பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைகளில் மூவரில் இருவர் தாங்கள் அடிபட்டதாகச் சொன்னார்கள். பின்னர் 2009-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டம், தன் 17-வது பிரிவில் இரண்டு விஷயங்களைத் தடுத்தது. ஒன்று சரீர தண்டனை. மற்றொன்று மனத்தைத் துன்புறுத்துதல். இவ்விரண்டில் முதலாவதைப் பற்றிப் பலருக்குத் தெரியும். இரண்டாவது ஒன்று இருப்பதையே பலர் அறியார். நாம் இன்று எழுதப் புகுந்தது அந்த இரண்டாவதைப் பற்றியே.

'அடியாத மாடு பணியாது' என்ற பழமொழியைக் கல்விச் சாஸ்திரமாகக் கொண்டிருந்த காலம் ஒன்று நம்மிடையே இருந்தது. அந்நாளைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில், கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அந்தரத்தில் ஊசலாட வேண்டிய கோதண்டம் என்னும் தண்டனை வழக்கத்திலிருந்தது. 'நாங்களும் அடிபட்டுத்தான் படித்தோம், கெட்டா போனோம்?' என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பணிவுடன் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அடிபட்டும் படித்துத் தேறியவர்களே இந்தக் கேள்வியைக் கேட்க முன்வருகிறார்கள். அடிக்கு அஞ்சிப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, மாடு மேய்க்கவும் கூலி வேலை செய்யவும் போனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. வராத சாட்சிகளையும் சேர்த்து எண்ணினாலன்றி இந்த வழக்கில் நியாயம் கிடைக்காது.

பயம் பிள்ளையின் உடலை அடக்கும், அறிவை வளர்க்காது. கணக்கின்மேல் செல்லவேண்டிய கவனம் உபாத்தியாயரின் கையின்மேல் செல்லுகிறது. விடை என்ன என்று யோசிக்கவேண்டிய பிள்ளை, எப்படித் தப்புவது என்று யோசிக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் மறைக்கப் பழகுகிறது. பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதப் பழகுகிறது. கேள்வி கேட்பதே குற்றம் என்று முடிவு செய்துவிடுகிறது. வகுப்பு நிசப்தமாக இருப்பதைக் கண்டு மேலதிகாரி மகிழலாம். அது கற்றலின் நிசப்தமா, கலக்கத்தின் நிசப்தமா என்று அவர் விசாரிப்பதில்லை.

பிரம்பை எடுக்காத உபாத்தியாயர் எல்லாரும் பிள்ளைகளைத் துன்புறுத்தாதவர் ஆகிவிட மாட்டார். 'மக்கு', 'உருப்படாதவன்', 'உனக்கெல்லாம் படிப்பு எதற்கு' என்ற சொற்களுக்குத் தழும்பு தெரியாது; அதனால் புகாரும் எழாது. தகப்பனாரின் தொழிலைச் சொல்லியோ, ஜாதியைக் குறிப்பாகக் காட்டியோ வீசும் ஒரு சொல், பத்துப் பிரம்படியைவிட நெடுநாள் நிலைக்கும். இன்னும் சிலர் ஒன்றுமே சொல்வதில்லை; கடைசி பெஞ்சிலிருப்பவனை வருஷம் முழுவதும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மௌனமும் ஒரு தீர்ப்புத்தான்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அமெரிக்காவில் ரோஸந்தால், ஜேக்கப்ஸன் என்னும் இரு அறிஞர்கள் 1968-ல் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் சில பிள்ளைகளின் பெயர்களைத் தற்செயலாகப் பொறுக்கி எடுத்து, இவர்கள் இவ்வருஷம் அறிவில் வேகமாக வளரப்போகிறவர்கள் என்று உபாத்தியாயர்களிடம் சொல்லிவைத்தார்கள். வருஷ முடிவில், முக்கியமாக முதலிரண்டு வகுப்புகளில், அப்பெயருடைய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக முன்னேறியிருந்ததாகக் கண்டார்கள். இதன் பலன் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி அறிஞர்களிடையே கடும் வாதம் நடந்திருக்கிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் நம்பிக்கை எவ்வழியாக வேலை செய்கிறது என்பது கூர்ந்து நோக்கினால் விளங்கும். தேறுவான் என்று எண்ணிய பிள்ளையிடம் உபாத்தியாயரின் முகம் மலர்கிறது. அவனுக்கு அதிகமாகச் சொல்லித் தருகிறார். விடை சொல்ல அதிக இடம் கொடுக்கிறார். பிழையையும் பொறுமையாக விளக்குகிறார். தேறமாட்டான் என்று எண்ணியவனுக்கு இந்த நான்கும் குறைகின்றன.

மேரி பட் ரோ என்ற மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியாளர், கேள்வி கேட்டபின் உபாத்தியாயர்கள் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தார். ஏறக்குறைய ஒரு விநாடிதான்! மந்தமானவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு அதுவும் குறைவு. மூன்று விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறவாத பிள்ளைகளும் பேசினார்கள். இந்தச் சீர்திருத்தத்திற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு காசும் ஒதுக்க வேண்டியதில்லை.

உபாத்தியாயரின் நடத்தை எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு நம் தேசத்திலேயே இரு சாட்சிகள் உண்டு. டாக்டர் அம்பேத்கர் ஸதாராவில் சிறு பிள்ளையாகப் படித்தபோது, வகுப்பின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தாமே கொண்டுபோன சாக்குத் துணியின்மேல் தனியே உட்காரவேண்டியிருந்தது. குழாயைத் தாமே திறக்கக் கூடாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். உலகின் பெரிய சர்வகலாசாலைகளில் பட்டங்கள் பெற்று, அரசியல் சாஸனத்தை வகுத்த பின்னும் அவர் அந்தச் சாக்கை மறக்கவில்லை. அங்கே கற்ற மற்றப் பாடங்களைவிட அந்தப் பாடமே உறுதியாக நின்றது.

மற்றோர் சாட்சி மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர். அவருடைய ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், ஜாதி மத பேதம் பாராமல் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் தமிழ் சொன்னவர். ஏழை மாணாக்கர் உண்டார்களா என்று விசாரித்துப் பாடம் நடத்தியவர். அவர் 1876-ல் காலமானார். ஐம்பத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, தம் முதிய வயதில், 1933-லும் 1934-லும் ஐயரவர்கள் அந்தக் குருவின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். பயத்தால் அடக்கப்பட்ட மாணவன் ஐம்பத்தேழு வருஷம் குருவைப் போற்றமாட்டான். நன்னூலாரும் ஆசிரியரின் இலக்கணம் சொல்லுகையில், நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றையே உவமையாக்கினார், பிரம்பை உவமையாக்கவில்லை. தன்மேல் யாரையும் ஏறவிடாமல் தானாக விழுந்ததை மட்டும் தரும் பனையை, ஆசிரியராகத் தகாதவருக்கு உவமையாக வைத்தார்.

உபாத்தியாயர்களின் கட்சியையும் நாம் கேட்கவேண்டும். பிரம்பைப் பிடுங்கிக்கொண்டீர்கள், கட்டுப்பாட்டிற்கு என்ன வழி காட்டினீர்கள் என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆரம்பப் பள்ளிகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் என்று அதே சட்டம் அளவு வகுத்திருக்கிறது. ஜனத்தொகைக் கணக்கு, தேர்தல், ஆபத்துக்கால நிவாரணம் நீங்கலாக வேறு வேலைகளுக்கு அவர்களை ஏவலாகாது என்றும் விதித்திருக்கிறது. இவற்றை ஏட்டில் விட்டுவிட்டு, அறுபது பிள்ளைகளையும் ஆயிரம் படிவங்களையும் ஒருவர் தலைமேல் ஏற்றி, அவர் புன்னகையுடன் இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. மேலதிகாரியிடம் அவமதிப்புப் பெறுகிறவர் அதைக் கீழேயுள்ள குழந்தையிடம் இறக்கிவைக்கிறார். மரியாதையும் அவமரியாதையும் மேலிருந்து கீழே இறங்குபவை.

ஆகவே சர்க்கார் செய்யவேண்டியது இரண்டு. உபாத்தியாயர்களின் பயிற்சியில், கோபத்தை அடக்குவதும், பிழையைத் திருத்துவதும், வாய் திறவாத பிள்ளையைப் பேசவைப்பதும் செய்முறைப் பாடங்களாக வேண்டும். மனத்துன்பம் பற்றிய சட்டத் தடை, அடியைப் பற்றிய தடைக்குச் சமமாக அமலாகவேண்டும். தேச ஊழியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவிலும் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும் பாதுகாவலர்களும் இருக்கவேண்டுமென்று சட்டம் சொல்லுகிறது. அந்தக் கூட்டங்களுக்குப் பெற்றோர்களை அழைத்துச் செல்லுங்கள். கூரை ஒழுகுகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், கடைசி பெஞ்சிலிருக்கும் பிள்ளையிடம் இந்த வாரம் யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா என்றும் கேளுங்கள்.

சுதந்திர நாட்டின் பிரஜை, அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்று நியாயம் கேட்கவேண்டியவன். பத்து வருஷம் உபாத்தியாயர் முன் தலைகுனிந்து நிற்கப் பழகியவனிடம், வோட்டுரிமை கிடைத்த மறுநாள் அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? பிரம்பை ஒழிக்க ஒரு சட்டம் போதும். பிள்ளையை மதிக்கும் நாவும் கண்ணும் வேண்டுமானால், உபாத்தியாயரும் பெற்றோரும் சர்க்காரும் சேர்ந்து பாடுபட வேண்டும். அந்த வேலையை இனியும் ஒத்திப்போடலாகாது.