அதிவேகப் பாதை வருகிறது, வாயில் யாருக்கு?

கடவத்தை – மீரிகம அதிவேக நெடுஞ்சாலை வேலைகள் 2025 செப்டெம்பரில் மீண்டும் ஆரம்பித்து வைக்கப்பட்டன. பொருளாதார நெருக்கடியில் சீனக் கடன் தடைப்பட்டு, தூண்கள் அப்படியே நின்ற பாதை இது. கொழும்பிலிருந்து குருநாகலுக்கு எத்தனை நிமிடத்தில் போகலாம் என்பதுதான் இப்போது பேச்சு. ஏறும், இறங்கும் வாயில்கள் எங்கே வருகின்றன என்று கேட்பவர்கள் குறைவு.

மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியிலேயே திறந்தாயிற்று. சுமார் 40 கிலோமீற்றர். ஆனால் கொழும்பிலிருந்து அதில் ஏறுவதற்கு யக்கல, திஹாரிய, நிட்டம்புவ என்று கண்டி வீதியில் நெரிபட்டு, பஸ்யாலையில் திரும்பித்தான் மீரிகம போக வேண்டும். நான் படிப்பிக்கும் பாடசாலையும் இந்த வீதியை ஒட்டியதே. ஒன்றரை மணிக்கு மணியடித்தால் பிள்ளைகளை வீதி கடத்திவிடுவதே ஆசிரியர்களுக்கு ஒரு பாடவேளை. கடவத்தையிலிருந்து மீரிகம வரை மிச்சமிருக்கும் சுமார் 37 கிலோமீற்றர் முடிந்தால் கனரக வாகனங்களில் ஒரு பங்காவது அந்தப் பக்கம் போகும். ஆகவே பாதை வேண்டாமென்று நான் சொல்லவரவில்லை.

ஆனால் அதிவேகப் பாதை வேலி போட்ட பாதை. நினைத்த இடத்தில் ஏற முடியாது. திஹாரிய, கஹட்டோவிட்ட மக்கள் கம்பஹா அல்லது வெயாங்கொட வாயிலைத்தான் நாட வேண்டிவரும். முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே அனுமதியில்லை. நம்மவர் வீடுகளில் அதிகம் நிற்பவை அந்த இரண்டும்தான்! கார் இல்லாதவருக்கு மிஞ்சுவது பஸ் மட்டும். தெற்கு அதிவேகப் பாதைக்குக் கொட்டாவையில் மாகும்புர நிலையம் இருக்கிறது. அதிவேக பஸ்ஸும் சாதாரண பஸ்ஸும் களனிவெளி ரயிலும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அப்படியொன்று எல்லா வாயிலிலும் தானாக முளைக்காது.

கண்டி வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளும் பஸ்யாலைப் பக்கத்துக் கஜு வியாபாரிகளும் வழிப்போக்கரை நம்பியே பிழைக்கிறார்கள். வழிப்போக்கர் மேலே பறந்துவிட்டால் இவர்கள் கதி என்ன என்பதையும் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கூடி நிற்கும் நம் வர்த்தகர்கள் இப்போதே பேசலாம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மகஜர் கொடுப்பது நமது பழக்கம். அன்றைக்கு வாயிலை நகர்த்த யாராலும் முடியாது.

மண் கொட்டும் இந்த நாட்களில் பிரதேச சபை உறுப்பினர்களிடம் கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. வாயிலுக்குப் போகும் உள்வீதியை யார் அகலமாக்குவது? வாயிலடியில் நிழலோடு ஒரு பஸ் தரிப்பிடம் உண்டா? இரவு எட்டு மணிக்கு அங்கே இறங்கும் ஒரு பெண் பிள்ளைக்கு ஊர் வந்துசேர பஸ் ஓடுமா?