வாய்க்கால் நிரம்பினால் எந்தத் தெரு மூழ்கும்? கணினி கணக்கு சொல்வது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மீட்புக்கு ராணுவம் வந்தது.

எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்னு முன்பே சொல்ல முடியுமா? முடியும். அதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும்.

ஒரு பரிமாண மாதிரி: உப்பனாறு, பெரிய வாய்க்கால் போன்றவற்றில் தண்ணீர் வாய்க்கால் போக்கிலேயே ஓடுவதாகக் கொள்ளும். அகலம், ஆழம், சரிவு தெரிந்தால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் கரை தாண்டிய தண்ணீர் எங்கே போகும்னு இதற்குத் தெரியாது.

இரு பரிமாண மாதிரி: நகரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, தரைமட்டத்தை வைத்து, தண்ணீர் நாலாபுறமும் பரவுவதைக் கணக்கிடும். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். கட்டம் பெரிதாக இருந்தால் குறுகலான வாய்க்கால் அதில் தெரியாமலே போய்விடும்.

ஏன் இணைக்கணும்?

வாய்க்கால் கரையை மீறியதும், வழியும் தண்ணீரை முதல் மாதிரி இரண்டாவதிடம் ஒப்படைக்கும். மட்டம் இறங்கினால் தெருத் தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பும். கடல் மட்டம் உயர்ந்து வாய்க்கால் வடியாமல் நின்றால், தெருவும் வடியாது என்பதும் இதில் தெரியும்.

சிக்கல் எங்கே?

அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் 'ஹெக்-ராஸ்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அளவுகள்தான் சரியாக இருக்கணும். தூர்ந்துபோன வாய்க்காலைப் பழைய ஆழத்தோடு கணக்கில் போட்டால், மூழ்கப்போகும் தெருவையும் 'பாதுகாப்பானது' என்றே கணினி சொல்லும்.