ரெண்டு பேர் ஏறி நின்னா போதுமா?

சென்னை கொளத்தூரில் கலர் மீன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரைக் கேள்வியால் துளைத்து எடுப்பார்கள். எந்த ஃபில்டர் நல்லது, ஆஸ்கரோடு கோல்டு ஃபிஷ் விடலாமா (விடலாம், மறுநாள் ஆஸ்கர் மட்டும் இருக்கும்), தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை மாத்தணும்... ஸ்டாண்டைப் பற்றி மட்டும் ஒரே கேள்விதான். "அண்ணே, வெயிட் தாங்குமா?" அவரும் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு, "ரெண்டு பேர் ஏறி நிக்கலாம் சார்" என்பார். அவ்வளவுதான், பில் போட்டாயிற்று.

இந்த ரெண்டு பேர் கணக்கு சரிதானா? நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆக நிறையத் தண்ணீர் ஊற்றினால் 250 லிட்டர், அதாவது 250 கிலோ. 8 மி.மீ. கண்ணாடியே 40 கிலோ வரும். கூழாங்கல், மூடி, லைட் தனி. மேலே கொஞ்சம் இடம் விட்டாலும் 300 கிலோவுக்குக் குறையாது. ரெண்டு பேர் எங்கே, நாலு பேருக்கும் மேலே! அதுவும் வருஷக்கணக்கில் கீழே இறங்காமல் நிற்கப் போகிற நாலு பேர்.

இரும்பு இதைத் தாங்காதா என்றால், தாங்கும். நேராகக் கீழே அழுத்தும் பாரத்தை நாலு கால் தாராளமாகச் சுமக்கும். கடைக்காரர் சொல்வது அந்த அளவில் பொய்யில்லை. ஆனால் ஸ்டாண்டு விழுவது பக்கவாட்டில். மேலே ஒரு சட்டம், கீழே நாலு கால், குறுக்கே ஒன்றுமே கிடையாது. மீன் பார்க்க ஒரு குழந்தை விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் தொட்டி ஆடும், உள்ளே தண்ணீரும் சேர்ந்து ஆடும், அத்தனை விசையும் மூலை வெல்டிங்கின் தலையில் விடியும். பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு கம்பி பற்ற வைத்தால் இந்த ஆட்டம் பெருமளவு நின்றுவிடும். அந்த ஒரு கம்பியில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்!

அப்புறம் மட்டம். ஒரு கால் கொஞ்சம் குட்டையானாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி முறுக்கிக்கொள்ளாது, விரிசல்தான் விடும். ஆறு மாதம் கழித்து அடிக்கண்ணாடி போனால் பழி சிலிக்கான் ஒட்டியவர் மேல். "அடியில தெர்மாகோல் போட்டிருக்கே" என்று ஒரு சமாதானம் வேறு. தெர்மாகோல் வெல்டிங் பிசிறையும் சின்ன மேடு பள்ளத்தையும் சமாளிக்கும், கோணல் ஸ்டாண்டை நிமிர்த்துமா என்ன?

டிவி ஸ்டாண்டின் மேலேயே தொட்டியை வைக்கும் புத்திசாலிகளும் உண்டு. அது பார்ட்டிகிள் போர்டு, ஈரம் பட்டால் உப்பிவிடும். மீன் தொட்டி இருக்கும் இடத்தில் ஈரம் படாத நாள் ஏது?

கண்ணாடியை மில்லிமீட்டர் கணக்கு சொல்லி விற்கிற கடைகள், ஸ்டாண்டை மட்டும் "நாலடி ஸ்டாண்டு" என்று அடிக்கணக்கில் விற்பது என்ன நியாயம்? இத்தனை கிலோ தாங்கும் என்று பில்லில் எழுதித் தரட்டுமே. எழுதாதவரை, வாங்குகிறவர் கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் இரவல் வாங்கி, பாதித் தண்ணீரில் ஒருமுறையும் முழுத் தண்ணீரில் ஒருமுறையும் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். மீன் ஒரு நாள் கழித்து வரட்டும்.