எய்ம்ஸ் வரிசையும் ஏற்றுமதிக் கனவும்

இந்திய சைபர் பாதுகாப்புத் தொழிலை உலகச் சந்தையில் போட்டியிட வல்லதாக்குவோம் என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் முழங்கி வருகின்றனர். முதலீடு, ஏற்றுமதி, ஸ்டார்ட்அப் என்ற சொற்களுக்குக் குறைவில்லை. பாதுகாக்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத்தான் அங்கே இடமில்லை.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நோயாளர் பதிவும் ஆய்வக அறிக்கையும் மீண்டும் காகிதத்துக்குத் திரும்பின. பல மாநிலங்களிலிருந்து கடன்பட்டு வந்த ஏழைகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தனர். ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்றும், வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஓர் அறையில் புகுந்த திருடன் அடுத்த அறைக்குத் தாவாதபடி கதவிடுவது இத்துறையின் அரிச்சுவடி. அதற்கு உலகத்தரப் புதுச்சரக்கு எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர்கள் வேண்டும். ஐந்தாண்டுகளில் ஐந்து லட்சம் வல்லுநர்களை உருவாக்குவதாக 2013ஆம் ஆண்டின் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை உறுதியளித்திருந்தது. (அது காங்கிரஸ் ஆட்சியின் வாக்குறுதி. எழுதியவர்களும் பரணில் போட்டவர்களும் தாராளமயத்தில் ஒரே பள்ளி மாணவர்கள்.)

போட்டித்திறனுக்கு முன்மாதிரியாக இஸ்ரேல் காட்டப்படுகிறது. அந்நாட்டு ராணுவத்தின் 8200 உளவுப் பிரிவில் பழகியவர்கள் வெளியே வந்து நிறுவனம் தொடங்குகின்றனர். பாலஸ்தீன மக்கள்மீது பழகிய கண்காணிப்பு, சரக்காகி உலகெங்கும் விலைபோகிறது. பெகாசஸ் உளவு மென்பொருளை விற்கும் என்எஸ்ஓ நிறுவனத்துக்கு ஏற்றுமதி உரிமம் தருவது இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகமே. 2021 நவம்பரில் அமெரிக்காவே அந்நிறுவனத்தை வணிகத் தடைப்பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. இத்தகைய மென்பொருள், கைபேசியில் எவரும் அறியாத ஓட்டை ஒன்று அடைபடாமல் இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஓட்டையை அடைப்பவனும் ஓட்டையை விற்பவனும் ஒரே சந்தையில் நின்றால் எவனுக்கு லாபம் அதிகம்?

பெகாசஸை வாங்கினீர்களா என்ற கேள்விக்கு மோடி அரசு உச்ச நீதிமன்றத்திலும் நேரான விடை தரவில்லை. நீதிமன்றம் அமைத்த குழுவுடன் அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே குறிப்பிட்டார்.

சைபர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது. நல்லது. ஆனால் 2023 நவம்பரில் அந்த அமைப்பே, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் பொருள் தோற்றது, எவருடைய தரவு களவு போனது என்பதை மக்கள் கேட்டுப் பெறும் வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. தன் தோல்விகளைப் பொதுவெளியில் பரிசோதிக்க விடாத தொழில், எந்த நாட்டுச் சந்தையில் நம்பிக்கையை ஈட்டும்?

அவ்விலக்கு திரும்பப் பெறப்பட வேண்டும். பொது மருத்துவமனைகள், வங்கிகள், மின்வாரியங்களில் நிரந்தரப் பாதுகாப்புப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். பெகாசஸ் குழுவின் அறிக்கை மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். ஏற்றுமதிக் கணக்கை அதன்பின் பேசலாம்.