ஒரு பானைச் சூப்பும் சைவ-அசைவப் பிரிவினையும்

உணவைச் சைவம், அசைவம் என்று இரண்டாகப் பிரிப்பது நமக்கு மூச்சு விடுவதைப் போல இயல்பாகிவிட்டது. பொட்டலத்தின் மேல் பச்சைக் குறி அல்லது பழுப்புக் குறி; விடுதி உணவுக்கூடத்தில் இரண்டு வரிசை. இப்பிரிவினையின் சாதிய, சமயப் பின்புலம் குறித்த விவாதம் பல்கலைக்கழகங்களில் அவ்வப்போது எழுகிறது; அது தேவையானதும்கூட. நான் கேட்க விரும்புவது அதனையொட்டிய வேறொரு கேள்வி: இப்பிரிவினை நம் தட்டில் விழும் பயற்றின் அளவை என்ன செய்திருக்கிறது?

இக்கேள்வி ஒரு சூப்பிலிருந்து பிறந்தது. சென்ற ஞாயிறன்று நண்பர்கள் அறுவருக்காக ஸ்லோ குக்கரில் சமைத்தேன். 300 கிராம் ராஜ்மா, 150 கிராம் பார்லி, 150 கிராம் கோவாச் சாசேஜ், வெங்காயம், பூண்டு, கேரட். உண்டு முடித்தபின் ஒரு நண்பர், "அருமையான அசைவச் சூப்" என்றார். அச்சொல் என்னை உறுத்தியது. அந்தப் பானையின் புரதக் கணக்கைப் பாருங்கள்: ராஜ்மா தருவது ஏறத்தாழ 60 கிராம், சாசேஜ் தருவது அதில் பாதிக்கும் குறைவு. பயற்றில் குறைவாக உள்ள மெத்தியோனினைப் பார்லி ஈடுசெய்கிறது. பார்லியில் குறைவாக உள்ள லைசினைப் பயறு ஈடுசெய்கிறது. வயிற்றை நிறைத்தவை பயறும் தானியமும். பெயரைத் தட்டிச்சென்றது சாசேஜ்.

இந்தியாவின் பல சமையல் மரபுகளில் இறைச்சியின் இடம் இதுவே. கோவாவில் சொரீசோ எனப்படும் பன்றியிறைச்சிச் சாசேஜ் போர்த்துக்கீசியர் வழி வந்தது. தென்னங்கள் வினிகர், காய்ந்த மிளகாய், பூண்டு ஆகியவற்றில் ஊறி அவ்வூருக்கே உரியதாயிற்று. மழைக்காலத்தில் மீன் அரிதாகும்போது கைகொடுப்பதற்காகக் கோடையிலேயே அதைச் செய்து உலர்த்தி வைப்பார்கள். சாசேஜ் மாலையிலிருந்து அறுத்தெடுத்த சில மணிகளே ஒரு பானைப் பயற்றுக்குக் காரமும் புளிப்பும் கொழுப்பும் தந்துவிடும். நாகாலாந்தின் கல்ஹோவும் இவ்வகையினதே: அரிசியும் கீரையும் குழையும் கஞ்சியில் புளிக்கவைத்த சோயாவான அகுனியும் புகையூட்டிய பன்றியிறைச்சித் துண்டுகள் சிலவும் சேர்கின்றன. எல்லா மரபுகளும் இப்படியல்ல. ஹைதராபாத் ஹலீமில் இறைச்சியே மிகுதி. ஆனால் கோவாவிலும் நாகாலாந்திலும் இறைச்சி உப்பைப் போலப் பயன்படும் பானைகள் உண்டு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15-49 வயது ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரும் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரும் மீன், கோழி, இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றை எப்போதாவதேனும் உண்பவர்கள். அதேவேளையில், தலைக்கு உண்ணும் இறைச்சியின் அளவில் இந்தியா உலகின் கடைநிலை நாடுகளுள் ஒன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது எளிது: பெரும்பான்மை இந்தியர் இறைச்சி உண்பவர்கள், ஆனால் சிறிதளவே உண்பவர்கள். அந்தச் 'சிறிதளவு' என்பதற்கு நம் வகைப்பாட்டில் இடமே இல்லை.

நம் மொழியும் இதற்கு உடந்தை. சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அசைவம் என்பது அதன் எதிர்மறை. பெரும்பான்மையோரின் உணவை 'இன்னது அன்று' என்னும் மறுப்பால் மட்டுமே சுட்டும் சொல் அது. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள்கூட மறுக்கப்படும் பொருளை அதன் பெயராலேயே சுட்டியது.

இதன் விளைவை விடுதி உணவுக்கூடங்களில் காணலாம். வாரத்தில் ஓரிரு நாள் 'அசைவ நாள்'. அன்று கோழிக் குழம்பு. மற்ற நாள்களில் உருளைக்கிழங்கும் நீர்த்த பருப்பும். புரதம் என்றாலே கோழி என்று எண்ணப்படுவதால் பருப்பின் அளவைக் கேட்பார் இல்லை. இழப்பு இருசாராருக்குமே: இறைச்சி உண்போருக்கு வாரத்தின் ஐந்து நாள், உண்ணாதோருக்கு ஏழு நாளும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. இறைச்சியைக் கொள்கையாகவோ நம்பிக்கையாகவோ விலக்கியவருக்கு 150 கிராமும் ஒன்றுதான், ஒரு துளியும் ஒன்றுதான். 'சிறிதளவுதானே' என்று அவரிடம் வாதிடுவது வன்முறை. இஸ்லாமிய நண்பருக்குப் பன்றியிறைச்சி குறித்தும் இதுவே பொருந்தும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் விடை அந்தப் பானையின் செய்முறையிலேயே இருக்கிறது.

ராஜ்மாவை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே ஸ்லோ குக்கரில் இட வேண்டும். பச்சை ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்புரதம் ஸ்லோ குக்கரின் தாழ்ந்த வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தாலும் முற்றிலும் அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடும். மெதுவாகச் சமைப்பதைப் போற்றுவோர் பலரும் மறக்கும் செய்தி இது. அடுத்து, சாசேஜில் வினிகர் உண்டு. புளிப்பு சேர்ந்தால் பயறு எளிதில் வேகாது. ஆகவே பயறும் பார்லியும் குழையும்வரை அவற்றைத் தனியே வேகவிட்டு, வேறொரு சட்டியில் நன்கு வெந்த சாசேஜைக் கடைசி அரைமணி நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

அதாவது, ஆறேழு மணி நேரச் சமையலில் கடைசி அரைமணி நேரம் வரை அது அனைவருக்கும் பொதுவான பானை. அன்று வந்தவர்களுள் ஒருவர் இறைச்சி உண்ணாதவர். இன்னொருவர் பன்றி உண்ணாதவர். அவர்களுக்கு முதலில் வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்தேன், அகப்பையும் வேறு. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கும் நீர்த்த பருப்பும் கிடைக்கவில்லை.

ஆகவே விடுதி உணவுக் குழுக்களில் இருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில், வாரத்துக்கு எத்தனை அசைவ நாள் என்று கேட்பதற்கு முன், ஒரு வேளைக்குத் தலைக்கு எத்தனை கிராம் பயறு என்று கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். அந்தப் பொதுப்பானை கெட்டியாகட்டும். இறைச்சியைப் பற்றிய வாதத்தை அதன்பிறகு, பசியின்றி, தொடரலாம்.